கேமரன் மலைக்கு எந்த பிரேக்: கம்பியா, ஆயிலா?

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மூட்டையோடு சைக்கிளில் ஏறுகிறவருக்கு ஒரு நாளின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இந்த ஏற்றத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கியரை மாற்றி, டயரை மாற்றி வருகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இறக்கத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், “அதான் பிரேக் இருக்கே” என்பார்கள். அந்த பிரேக் எந்த வகையாக இருக்க வேண்டும், அதை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சக்கரத்தின் நடுவில் ஓர் இரும்புத் தட்டு. முள்கரண்டியிலோ சட்டத்திலோ பொருத்திய காலிப்பருக்குள் இரண்டு பேட். லீவரை அழுத்தினால் பேட் தட்டைக் கவ்வும். கையின் அழுத்தத்தைக் கம்பி இழுத்துக்கொண்டு போனால் அது கேபிள் பிரேக். மூடிய குழாய்க்குள் திரவம் தள்ளிக்கொண்டு போனால் அது ஹைட்ராலிக், கடைகளில் ‘ஆயில் பிரேக்’. தத்துவம் இவ்வளவு போதும்.

முதலில் சாலையைப் படியுங்கள்

கேமரன் மலை என்றாலே ஒரே செங்குத்து என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா கிட்டத்தட்ட சமவெளி. இந்த உயரத்தை 60 கிலோமீட்டரில் பரப்பினால் 100 மீட்டருக்கு இரண்டு, இரண்டரை மீட்டர்தான் சரிவு. ஆகவே தாப்பா சாலை பிரேக்கைச் சுட வைக்காது. அங்கே ஆபத்து வளைவுகளில்தான் இருக்கிறது: எதிரே வரும் காய்கறி லாரி, ஈரமான இலைச் சருகு, லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம் ஓரங்கட்டி நிற்கும் கார்கள். பிரேக் உடனே பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை குறைவு.

பிரேக்கைச் சோதிப்பவை தோட்டச் சாலைகள்தான். சுங்கை பாலாஸ் வழியாகக் குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு ஒரு சிறு சாலை ஏறுகிறது. உச்சி 2,000 மீட்டருக்கும் மேல். அங்கிருந்து பெரிய சாலைக்குத் திரும்புவதற்குள், சில கிலோமீட்டருக்குள்ளேயே, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தை இழந்துவிடுவீர்கள். ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே லேண்ட் ரோவர் வந்தால் நின்றே ஆக வேண்டும். ஹாபுவில் பிரிந்து ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் சாலையும் இதே குணம். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய தோட்டம் அது. நம் பாட்டன் பாட்டிகள் கூடை சுமந்து கொழுந்து பறித்த மலைச்சரிவுகளை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது.

மூன்றாவது, கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை. அகலமானது, நீண்ட இறக்கங்கள் கொண்டது. தானாகவே வேகம் ஏறும். ஏறிய பிறகு பிரேக் போட்டால் அத்தனை வேகமும் தட்டில்தான் சூடாக இறங்கும்.

ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். நீங்கள் 70 கிலோ, சைக்கிள் 15, பைகள் 20, மொத்தம் 105. இந்தச் சுமை 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அறைச் சூட்டில் உள்ள ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கொஞ்சத்தைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். பயத்தில் மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் காற்றின் பங்கு குறைந்து, பிரேக்கின் பங்கு கூடும். நூறு, நூற்றைம்பது கிராம் எடையுள்ள இரண்டு தட்டுகள் அத்தனை சூட்டையும் வாங்கி வெளியே விட வேண்டும்.

ரிங்லெட் கடை ஒன்றில் பசியாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த லாரிக்கார அண்ணன் என் சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, நாங்க கியரக் கொறச்சுப் போட்டு எறங்குவோம், எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். ஒங்களுக்கு எது புடிக்கும்?” “பிரேக் மட்டுந்தாண்ணே,” என்றேன். “அப்ப அதப் பாத்துக்கங்க,” என்றார்.

எதைத் தேர்ந்தெடுப்பது: ஐந்து கேள்விகள்

வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கே பதில் கிடைத்துவிட்டால் மற்றவை துணைக்குத்தான்.

1. பயணம் எங்கே முடிகிறது? இரண்டு மூன்று நாளில் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ திரும்புகிறீர்கள் என்றால் ஆயில் பிரேக். கெட்டுப் போனாலும் பேருந்தில் ஏற்றிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோய்விடலாம். கம்போங் ராஜாவிலிருந்து கிழக்கே குவா மூசாங் பக்கமோ, ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகக் கோலா லிப்பிஸ் பக்கமோ இறங்கி, அப்படியே கிளந்தான், தாய்லாந்து என்று வாரக்கணக்கில் போகிறீர்கள் என்றால் கேபிள் பிரேக். அந்தச் சாலைகளில் நெடுந்தொலைவுக்கு ஒரு கடையும் இல்லை. சிறிய ஊர்களில் இருக்கும் மோட்டார் பட்டறையில் கம்பியும் ஸ்பேனரும் கிடைக்கும். உங்கள் லீவருக்குரிய ஆயிலும் ஊசிக்குழாயும் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

2. உங்கள் கை எப்படி? சிறிய கை, மூட்டுவலி உள்ள கை, குளிரில் விறைத்துப் போகும் கை என்றால் ஆயில்தான். மலையில் மழையோடு இறங்கும்போது வெப்பம் 16, 17 டிகிரிதான் இருக்கும். காற்று இன்னும் குளிர்விக்கும். ஆயில் பிரேக்கை ஒரு விரலால் பிடிக்கலாம். கேபிளுக்கு இரண்டு விரல், சில வேளை மூன்று. அரை மணி நேர இறக்கத்தில் இந்த வேறுபாடு முன்கை முழுதும் வலியாகத் தெரியும்.

3. ஹாண்டில் எந்த வகை? நேர் ஹாண்டில் என்றால் ஆயில் பிரேக் எளிது. ஷிமானோ எம்.டி.200 போன்ற மலிவான தொகுப்பே நன்றாக வேலை செய்யும். வளைந்த ரேஸ் ஹாண்டில் என்றால் கியர் மாற்றும் லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், செலவு பலமடங்கு. அங்கே நல்ல கேபிள் காலிப்பர் போதும். இரண்டுக்கும் நடுவில், லீவரிலிருந்து கம்பியால் இழுத்து, காலிப்பருக்குள் மட்டும் ஆயில் வைத்த டி.ஆர்.பி. ஹை-ரோடு போன்ற கலப்பு வகையும் உண்டு.

4. சைக்கிளை எப்படி மலைக்குக் கொண்டுவருகிறீர்கள்? பேருந்தின் அடியறையில் தலைகீழாகவோ படுக்கவைத்தோ வந்தால், ஆயில் பிரேக்கில் லீவர்ப் பக்கம் இருக்க வேண்டிய காற்றுக் குமிழ் குழாய்க்குள் ஓடிவிடும். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது லீவரை அழுத்தினால், காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும். கேபிளுக்கு இந்தக் கவலை இல்லை.

5. பழுது பார்ப்பது யார்? நீங்களே என்றால், உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒருமுறையாவது செய்து பார்த்த வகையை எடுங்கள். மலையில் வைத்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

என் தேர்வைச் சொல்கிறேன். நான் ஓட்டுவது கேபிள் பிரேக், இரண்டு பேடும் நகரும் வகை. காரணம், எனக்கு நீண்ட பயணம் பிடிக்கும். கேமரன் மலைக்கு மட்டும் போய்வர நினைக்கும் நண்பர்களுக்கு ஆயில் பிரேக்கையே சொல்கிறேன். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். பேட் தேயத் தேய அது தானே சரிசெய்துகொள்ளும். கேபிள் பிரேக் அப்படிச் செய்யாது. அதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன், கீழே வருகிறது.

எந்த வகையானாலும் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தட்டின் அளவு: முன்சக்கரத்துக்கு 180 மில்லிமீட்டர் தட்டு போடுங்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாயும். முன் பிரேக்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும். 160 தட்டு சமவெளிக்குச் சரி. ஆனால் உங்கள் முள்கரண்டி எந்த அளவு வரை தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்த பிறகே பெரிய தட்டு. பின்சக்கரத்துக்கு 160 போதும்.

பேட்: ரெசின் பேட் சத்தமில்லாமல், குளிரிலும் உடனே கவ்வும். சேற்று நீரில் வேகமாகத் தேயும். சூடு மிஞ்சினால் மேற்பரப்பு கண்ணாடி போலாகி வழுக்கும். உலோக பேட் சூட்டைத் தாங்கும், நீண்ட நாள் வரும், நனைந்தால் கத்தும். மழைக்காலத்தில் தோட்டச் சாலைகளுக்கு நான் உலோக பேடையே போடுகிறேன். உங்கள் தட்டில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் உலோக பேட் போடக் கூடாது. தட்டு தேய்ந்து போகும்.

கேபிள் பிரேக்கில் லீவரும் காலிப்பரும்: நேர் ஹாண்டில் லீவர் கம்பியை அதிகம் இழுக்கும், ரேஸ் லீவர் குறைவாக இழுக்கும். ஏவிட் பி.பி.7 இரண்டு வகைக்கும் தனித்தனியாக வருகிறது; டி.ஆர்.பி.யில் ரேஸ் லீவருக்கு ஸ்பைர், நேர் ஹாண்டில் லீவருக்கு ஸ்பைக். ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டினால் ஒன்று பிரேக் பஞ்சாகும், அல்லது கல்லாகிப் பிடிக்கவே பிடிக்காது. பழைய காலிப்பர் வாங்குகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

கம்பியின் உறை: கியர் கம்பிக்கான உறையை பிரேக்குக்குப் போடாதீர்கள். அதனுள் இழைகள் நேராக ஓடுகின்றன. பலமாக அழுத்தினால் உறை பிளந்துவிடும். பிரேக்குக்கென்றே செய்த, அழுத்தத்தில் சுருங்காத உறை கிடைக்கிறது. கேபிள் பிரேக்கில் நீங்கள் செலவழிக்கும் பணத்தில் அதிகப் பலன் தருவது இதுதான். சாதாரண உறையிலிருந்து மாற்றிய அன்றே வேறுபாடு கையில் தெரியும்.

கேபிள் பிரேக்கைச் சரிசெய்தல்

என் மழைநாளை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்த வரிசை ஏன் முக்கியம் என்று புரியும். தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் மழை. காய்கறித் தோட்டங்களிலிருந்து சாலைக்கு வழிந்த செம்மண் நீர் தட்டுகளில் படிந்து, உப்புத்தாளைப் போல பேடை அரைத்தது. காலையில் பாதி இருந்த ரெசின் பேட் ஒரு மணி நேரத்தில் தேய்ந்துபோனது. ஒரு வளைவில் முன் லீவர் ஹாண்டிலைத் தொட்டது. சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. பின் பிரேக்கால் தட்டுத் தடுமாறிப் புல்மேட்டில் ஏறி நின்றேன். பேட் தேய்ந்தது மட்டும் காரணமில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாளும், தேய்மானத்தை ஈடுகட்ட நான் லீவர் பக்கத்துத் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அது காலிப்பரின் கையைப் பாதி இழுத்த நிலையிலேயே நிறுத்திவிட்டது. அவசரத்தில் இழுக்க மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

தேய்மானத்தைக் காலிப்பரில் உள்ள பேட் திருகால்தான் ஈடுகட்ட வேண்டும். லீவர் பக்கத்துத் திருகு, கம்பியின் சிறு தளர்ச்சிக்கு மட்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்:

1. சக்கரம் தன் இருக்கையில் முழுதாக அமர்ந்திருக்கிறதா, அச்சு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் சற்றே சாய்ந்திருந்தாலும் பிறகு செய்வதெல்லாம் வீண்.

2. சக்கரத்தைச் சுழற்றித் தட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் முதலில் அதை நிமிர்த்துங்கள். சுழலும் தட்டின் அருகே விரல் போகக் கூடாது; அதன் துளைகள் விரலை வெட்டும்.

3. லீவர் பக்கத்துத் திருகை முழுதும் உள்ளே திருப்பி, ஒரு சுற்று மட்டும் வெளியே எடுங்கள்.

4. காலிப்பரின் கை முழுதும் திறந்த நிலையில் இருக்க, கம்பியின் தொய்வை மட்டும் இழுத்து இறுக்குங்கள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்காதீர்கள்.

5. காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டையும் தளர்த்துங்கள். பேட் திருகுகளைத் திருப்பி, பேட் இரண்டும் தட்டைக் கவ்வும்படி செய்யுங்கள். காலிப்பர் தானே நடுவில் வந்து நிற்கும். போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

6. பேட் திருகுகளைப் பின்னால் எடுங்கள். தட்டு உரசாமல் ஓடத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பேடும் நகரும் வகையில் இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பேட் மட்டும் நகரும் வகையில், நகராத பேடைத் தட்டுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தட்டு அந்தப் பக்கம் வளைந்து வளைந்து பிடிக்கும்.

7. லீவரை முழுப் பலத்தோடு இருபது முறை அழுத்துங்கள். புதுக் கம்பி இதில் அமரும். தளர்ந்திருந்தால் 4-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

8. லீவரைப் பலமாக அழுத்திப் பிடித்தால் அதற்கும் ஹாண்டிலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இதுதான் தேர்வு.

குறிப்பு: லீவருக்குள் கம்பியின் தலை அமரும் இடத்தைக் கைவிளக்கால் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள். மற்ற இழைகளும் பின்தொடரும்.

ஆயில் பிரேக்கைத் தயார் செய்தல்

இங்கே வேலை குறைவு, கண்டிப்பு அதிகம். லீவரின் மூடியிலோ காலிப்பரிலோ எந்தத் திரவம் என்று எழுதியிருக்கும். ஷிமானோ, மகுரா ஆகியவை மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகள் டாட் 5.1 வகைத் திரவம், சில புதியவை மினரல். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, முழுத் தொகுப்பையும் தூக்கிப் போட வேண்டி வரும். மோட்டார் பட்டறையில் கையில் எடுத்துத் தரும் திரவம் பெரும்பாலும் டாட் வகைதான்; மினரல் ஆயில் பிரேக்குக்கு அதை “இப்போதைக்கு” என்று கூட ஊற்றாதீர்கள். டாட் திரவம் பெயிண்டையும் அரிக்கும்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியதும் கொதிநிலை வெகுவாகக் குறையும்: டாட் 5.1-க்குத் தரநிலை, புதிதாக 260 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 180. மழை நாட்டில் ஓடும் பிரேக்குக்கு வருடம் ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்வது இதனால்தான்.

புறப்படும் முன் வீட்டில்:

1. லீவரை அழுத்தி ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ கசிகிறது. கடைக்குக் கொண்டுபோங்கள், மலைக்கு வேண்டாம்.

2. லீவர், குழாய் இணைப்பு, காலிப்பர் மூன்றையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கறை தென்படக் கூடாது.

3. சைக்கிளைத் தலைகீழாக ஐந்து நிமிடம் வைத்துவிட்டு நிமிர்த்தி லீவரைப் பிடியுங்கள். பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. காற்று எடுத்த பிறகே பயணம்.

4. பேட் மாற்றப் பழகுங்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். பழைய பேட் உள்ளே இருக்கும்போதே, பிளாஸ்டிக் டயர் லீவரால் இரண்டையும் விலக்கிப் பிஸ்டன்களை உள்ளே தள்ளுங்கள். பிறகு பேடைக் கழற்றிப் புதியதை ஸ்பிரிங்கோடு நுழையுங்கள். பேடைப் பிடித்து நிறுத்தும் ஊசியை மாட்டுங்கள். சக்கரத்தை மாட்டிய பிறகு, லீவரைப் பலமுறை மெதுவாக அழுத்திப் பேடைத் தட்டருகே வரவையுங்கள். இதை மறந்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் முதல் வளைவில் பிரேக் இருக்காது.

5. பேருந்துப் பயணத்துக்குச் சக்கரத்தைக் கழற்றினால், இரண்டு பேடுக்கும் நடுவே தடிமனான அட்டையைச் செருகி, காலிப்பரோடு சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள்.

குறிப்பு: தேய்ந்த பேடோடு ஆயில் நிரப்பிய கடையை எச்சரிக்கையாகப் பாருங்கள். புது பேட் போடும்போது பிஸ்டன் பின்னால் போக இடமில்லாமல், ஆயில் வெளியே பீறிடும்.

புது பேடைப் பழக்குதல்

புது பேடோடு நேராகக் குனோங் பிரிஞ்சாங் ஏறாதீர்கள். காலியான சமசாலையில் 20 கிலோமீட்டர் வேகம் எடுத்து, முன் பிரேக்கால் மட்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இருபது முறை. பின் பிரேக்குக்கும் அப்படியே. பேடின் பொருள் தட்டின்மேல் மெல்லிய படலமாகப் படியும். இது நடக்கும் வரை பிரேக் பாதிப் பலத்தோடுதான் இருக்கும்.

அதற்குப் பிறகு தட்டை விரலால் தொடாதீர்கள். சங்கிலிக்கு எண்ணெய் தெளிப்பானை உபயோகிக்காதீர்கள். காற்றில் பறக்கும் துளி தட்டில் விழும். சொட்டுச் சொட்டாக விடுங்கள். எண்ணெய் பட்டுவிட்டால் தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பேடை உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். உள்ளே ஊறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய பணமில்லை.

இறங்கும் முறை

1. காலையில் இறங்குங்கள். மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் பிரிஞ்சாங் பக்கம் கார் நெரிசல் அடைத்துக்கொள்ளும், வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். குனோங் பிரிஞ்சாங் சாலை திறந்திருக்கிறதா என்று கீழேயே விசாரித்துவிட்டு ஏறுங்கள்.

2. எந்த லீவர் முன் பிரேக் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். இரவல் சைக்கிளிலும் வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிளிலும் இடம் வலமாக மாறியிருக்கலாம்.

3. வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட்டுத் திரும்புங்கள். ஈரச் சாலையில் சாய்ந்தபடி முன் பிரேக்கை இறுக்கினால் விழுவீர்கள்.

4. பிரேக்கை மெலிதாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். இரண்டையும் ஒன்றாக, உறுதியாகப் பிடித்து வேகத்தைப் பாதியாக்குங்கள், முழுதாக விடுங்கள், சைக்கிள் ஓடட்டும், மீண்டும் பிடியுங்கள். விட்ட நேரத்தில்தான் தட்டு காற்றில் ஆறுகிறது.

5. பயத்தால் கை விடமாட்டேன் என்கிறதா? இறங்கி நில்லுங்கள். கொழுந்துப் பாத்திகளைப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகட்டும். உச்சிச் சாலையில் நான் இரண்டு முறையாவது நிற்கிறேன்.

6. கருகல் வாசனை, லீவர் பஞ்சாவது, தட்டில் நீலமோ பழுப்போ நிறம் ஏறுவது: மூன்றில் எது கண்டாலும் உடனே நிறுத்துங்கள். தட்டைத் தொடாதீர்கள், சதை ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் ஊற்றாதீர்கள், தட்டு வளைந்துவிடும். காற்றில் ஆறட்டும்.

7. ஆறிய பிறகு ஆயில் லீவர் கெட்டியானால் சூட்டால் வந்த கோளாறு, மெதுவாகத் தொடரலாம். ஆறியும் பஞ்சாகவே இருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அந்த இறக்கத்தைச் சைக்கிளில் முடிக்காதீர்கள். தள்ளிக்கொண்டு நடங்கள், அல்லது ஒரு பிக்கப் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள். மலை மக்கள் ஏற்றிக்கொள்வார்கள்.

8. மழையில் முதல் பிடி தாமதமாக விழும். தட்டின் மேலுள்ள தண்ணீர் விலக வேண்டும். செங்குத்து வருவதற்கு முன்பே லேசாக ஒருமுறை பிடித்துத் தட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு வகைக்கும் பொது: இரண்டு ஜோடி பேட், உங்கள் காலிப்பருக்குரிய வடிவத்தில். வடிவத்தைக் கடைக்காரரிடம் வாயால் சொல்லாதீர்கள், பழைய பேடைக் காட்டி வாங்குங்கள். ஆலன் கீ தொகுப்பு, அதில் டி25 நட்சத்திர முனையும் இருக்கட்டும். தட்டின் போல்ட்டுகளுக்கு அது வேண்டும். உப்புத்தாள் ஒரு துண்டு, சுத்தமான துணி, சிறு புட்டியில் ஆல்கஹால்.

கேபிளுக்கு: ஒரு முழு நீள பிரேக் கம்பி. தலை உங்கள் லீவருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நேர் ஹாண்டில் லீவருக்கு உருளைத் தலை, ரேஸ் லீவருக்குப் பேரிக்காய்த் தலை. பின் பிரேக்குக்குப் போதும் நீளம் வாங்கினால் முன்னுக்கும் வெட்டிக்கொள்ளலாம்.

ஆயிலுக்கு: பேடுகளுக்கு நடுவே வைக்கும் அட்டை, ரப்பர் பட்டை. நீண்ட பயணம் என்றால் உரிய ஆயிலும் காற்று எடுக்கும் ஊசிக்குழாய்த் தொகுப்பும். ஓரிரு நாள் பயணத்துக்கு இவற்றைச் சுமக்க வேண்டாம்.

தங்குமிடத்தில் மாலைச் சோதனை

தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ அறைக்குள் போய்ப் படுப்பதற்கு முன் பத்து நிமிடம்:

1. தட்டிலும் காலிப்பரிலும் படிந்த செம்மண்ணை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பீய்ச்சியடிக்கும் குழாய் வேண்டாம். தட்டு ஆறியிருக்க வேண்டும்.

2. கைவிளக்கை வைத்துக் காலிப்பருக்குள் பாருங்கள். பேடின் பொருள் போதிய தடிமனோடு இருக்கிறதா? மெல்லியதாகிவிட்டால் இன்றிரவே மாற்றுங்கள். ஷிமானோ சொல்லும் கடைசி எல்லை 0.5 மில்லிமீட்டர். ஒரு மழை இறக்கத்தில் அதற்கு மேலேயே தேயும் என்பதால் நான் 1 மில்லிமீட்டரிலேயே மாற்றுகிறேன்.

3. தட்டின் தடிமன் ஷிமானோவில் புதிதாக 1.8 மில்லிமீட்டர், 1.5-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். இதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

4. கேபிள் பிரேக் என்றால் பேட் திருகைத் தேவையான அளவு உள்ளே திருப்பி, இரண்டு விரல் சோதனையைச் செய்யுங்கள். ஆயில் பிரேக் என்றால் லீவரை ஒரு நிமிடம் பிடித்திருங்கள்.

5. ஆயில் லீவர் சற்றே பஞ்சாகத் தோன்றினால், சைக்கிளை நிமிர்த்தி வைத்து, லீவரை ஹாண்டிலோடு சேர்த்துக் கட்டி இரவு முழுதும் விட்டுவைக்கலாம். சிறு குமிழ்கள் மேலேறிவிடும். காலையில் கெட்டியானாலும் முதல் கிலோமீட்டரைச் சமதளத்தில் ஓட்டி, பலமாக நான்கைந்து முறை பிடித்துப் பார்த்த பிறகே இறக்கத்தில் விடுங்கள். மீண்டும் பஞ்சானால் அன்று சைக்கிள் பேருந்தில்தான் கீழே போகும்.